பல்செட், ஃபில்லிங், கேப்: பொருளைச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சின்னதாக ஒரு பல் லேப் வைத்திருக்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை கிளினிக்குகளிலிருந்து அளவு வரும். பல்செட்டும் கேப்பும் செய்து அனுப்புவோம். இந்த வேலைக்கு வரும் முன் ஒரு பொறியியல் கல்லூரியின் பொருள் சோதனைக் கூடத்தில் சில வருடங்கள் இருந்தேன். கம்பியை இழுத்துப் பார்ப்பதும் கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்ப்பதும்தான் அங்கே வேலை. அந்தப் பழக்கம் விடவில்லை. லேபுக்கு வரும் ஒவ்வொரு டப்பாவையும் 'இதை எப்படிச் சோதித்திருப்பார்கள்?' என்றுதான் பார்க்கிறேன். டாக்டர்கள், மாணவர்கள், பல்செட் போட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பல் பொருளைச் சோதிப்பது என்றால் என்ன? வாயில் வைத்துப் பார்ப்பதா?

இல்லை, வாய்க்குப் போகும் முன் நடப்பது இது. ஃபில்லிங் பசை, கேப் ஒட்டும் சிமெண்ட், பல்செட்டின் அக்ரிலிக், அளவெடுக்கும் ஆல்ஜினேட், மாடல் வார்க்கும் டை ஸ்டோன், செராமிக், உலோகம் என்று ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட அளவில் துண்டாகச் செய்துகொள்வார்கள். அந்தத் துண்டை வளைப்பார்கள், நசுக்குவார்கள், கீறுவார்கள், தண்ணீரில் ஊறப்போடுவார்கள். எவ்வளவு தாங்கியது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு கரைந்தது, எவ்வளவு சுருங்கியது என்று அளந்து எழுதுவார்கள். ஆட்களின் வாயில் வைத்து ஐந்து வருடம், பத்து வருடம் பார்ப்பது மருத்துவ ஆய்வு. அதன் இடத்தை இது பிடிக்காது. ஆனால் இதில் தேறாத பொருளை ஒருவர் வாயில் வைத்துப் பார்ப்பது நியாயமும் இல்லை.

ஃபில்லிங் பெட்டியில் வளைவு வலிமை இத்தனை மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எண்களும் இதே மாதிரிதான் பிறக்கின்றன.

பல் நிறத்தில் வரும் ஃபில்லிங் பசையான காம்போசிட்டுக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 4049. அதன்படி 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் உள்ள சின்னப் பட்டை செய்ய வேண்டும். தீக்குச்சியை விடக் குட்டை, கனம் அதே மாதிரிதான் இருக்கும். எஃகு அச்சில் பசையை நிரப்பி, மேலும் கீழும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் கண்ணாடிச் சில்லும் வைத்து அழுத்தி, மேலே விளக்குக் காட்டி இறுக வைப்பார்கள். ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கேயும் கண்ணாடியின் மேல்தான் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கல்லின் மினுமினுப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் கல்லிலும் இருக்கும். இங்கே அந்தக் கீறல் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. பட்டை உடைவது அந்தக் கீறலில்தான் தொடங்கும்.

செய்த பட்டையை 37 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் வைத்து, 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் மெதுவாக அழுத்துவார்கள். நிமிடத்துக்கு முக்கால் மி.மீ. வேகம். உடையும் நொடியில் இருந்த விசையையும் பட்டையின் அளவையும் கணக்கில் போட்டால் வலிமை வரும்; அதன் அலகுதான் மெகாபாஸ்கல். கடிக்கும் பரப்பில் வைக்கும் ஃபில்லிங்குக்குக் குறைந்தது 80 மெகாபாஸ்கல் வேண்டும். ஐந்து பட்டைகளில் குறைந்தது நான்கு அந்தக் கோட்டைத் தொட வேண்டும்.

கேட்க 80 பெரிதாக இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்தச் சின்னப் பட்டையை உடைக்கத் தேவையானது சுமார் 21 நியூட்டன், அதாவது இரண்டே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. நடுவில் ஒரு நூலைக் கட்டி இரண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் தாங்கிக்கொள்ளும். கூட ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடி போட்டுக்கொண்டே போனால் உடையும். எண்ணை இப்படிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டால், அப்புறம் பெட்டியில் போட்டதை வெறுமனே படித்துவிட்டுப் போக மாட்டீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த எண் அவர்கள் செய்த பட்டையின் எண். குமிழி இல்லாமல், முழு நேரம் ஒளி காட்டி, பழகிய கை செய்த பட்டை. உங்கள் பல்லில் இருப்பது எச்சில் வரும் வாயில், நாக்கு தள்ளும் நேரத்தில், ஒரு டாக்டர் வைத்த ஃபில்லிங். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

நாம் கடிக்கும்போது அழுத்தம்தானே விழுகிறது? பிறகு ஏன் வளைத்துப் பார்க்கிறார்கள்?

நம் ஊர் வளவு வீடுகளைப் பாருங்கள். கல்லில் தூண் நிறுத்துவார்கள். தூணிலிருந்து தூணுக்குப் போகும் உத்தரத்துக்குத் தேக்கு போடுவார்கள். கல் எவ்வளவு சுமையையும் தலையில் வாங்கும். ஆனால் நீளமாகக் கிடத்தி நடுவில் பாரம் ஏற்றினால், அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். செராமிக்கும் சிமெண்டும் காம்போசிட்டும் கல்லின் ஜாதிதான். நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும்.

கடிக்கும்போது மேலே அழுத்தம் விழுவது உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தில் ஃபில்லிங் லேசாக வளைகிறது, அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. உடைவது அங்கிருந்துதான் வரும். அதனால் வளைவுச் சோதனை வாய்க்கு நெருக்கமானது. கண்ணாடி அயனோமர் போன்ற தண்ணீரில் கலக்கும் சிமெண்டுகளுக்கு நசுக்கும் சோதனை உண்டு: 4 மி.மீ. விட்டம், 6 மி.மீ. உயரம் உள்ள குட்டித் தூண் செய்து அழுத்துவார்கள். ஃபில்லிங்காக வைக்கும் வகைக்குக் குறைந்தது 100 மெகாபாஸ்கல்.

ஆகவே ஒரு பெட்டியில் அழுத்த வலிமையும் இன்னொன்றில் வளைவு வலிமையும் போட்டிருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே பொருளுக்கே அழுத்த வலிமை பல மடங்கு அதிகமாக வரும்.

எதற்கு எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள்?

வாய் எப்போதும் ஈரம். அதனால் உலர்ந்த துண்டில் எடுத்த எண் வாய்க்குப் பொருந்தாது. அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் கொஞ்சம் ஊதும், கொஞ்சம் மென்மையாகும். பல்செட் அக்ரிலிக்கின் வளைவுப் பட்டையை 37 டிகிரித் தண்ணீரில் 50 மணி நேரம் வைத்த பிறகுதான் உடைக்கச் சொல்கிறது தரநிலை. எவ்வளவு உறிஞ்சலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: பல்செட் அக்ரிலிக் ஒரு கன மி.மீ.க்கு 32 மைக்ரோகிராம், காம்போசிட் 40 மைக்ரோகிராம்.

பல்செட்டை ராத்திரி கழற்றினால் தண்ணீரில் போட்டு வையுங்கள் என்று டாக்டர் சொல்வதும் இதனால்தான். ஊறி நிலைத்த அளவில்தான் அது வாய்க்குப் பொருந்துகிறது. காயவிட்டால் அளவு மாறும், மறுபடி ஊறினால் திரும்பும். தினமும் இப்படி அலைக்கழிப்பது நல்லதில்லை. சுடுதண்ணீரில் மட்டும் போடாதீர்கள், கோணிவிடும்.

சூடு, குளிர்ச்சிக்கும் சோதனை உண்டு. மாதிரியை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான தடவை முக்கி எடுப்பார்கள். ஜிகர்தண்டா குடித்த வாயில் சூடான காபியை ஊற்றுகிற மாதிரி என்று மாணவர்களுக்குச் சொல்வேன். பல்லும் ஃபில்லிங்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் நடுவில் இருக்கும் ஒட்டு எப்போது விடுகிறது என்பது அதில் தெரியும்.

கடினம் என்பதும் வலிமை என்பதும் ஒன்றுதானே?

இல்லை. சீடை கடினம், ஆனால் சுத்தியலால் தட்டினால் தூள். வெல்லப்பாகு மிட்டாயை நகத்தால் கீற முடியாது, கீழே போட்டால் உடையும். கீறலையும் பள்ளத்தையும் எதிர்ப்பது கடினம். உடைவதை எதிர்ப்பது வலிமை. ஏற்கெனவே இருக்கிற விரிசல் ஓடுவதை எதிர்ப்பது மூன்றாவது குணம், அதை முறிவுத் திண்மை என்பார்கள்.

கடினத்தை அளக்க வைர முனையை அழுத்தி, விழுந்த பள்ளத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். விக்கர்ஸ் முறையில் சதுரக் கூம்பு. நூப் முறையில் நீண்ட சாய்சதுரம். நூப் அளவில் பல் எனாமல் சுமார் 340, அதன் உள்ளே இருக்கும் டென்டின் 70-க்குப் பக்கம், அக்ரிலிக் 20-க்குப் பக்கம், பழைய வகைப் போர்சிலீன் எனாமலை விட மேலே.

அதனால்தான் கடினம் அதிகம் என்பதை நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே கடினமான போர்சிலீன் கேப், கீழே சொந்தப் பல் என்றால் தேய்வது சொந்தப் பல். ஜிர்கோனியா என்ற செராமிக் இன்னும் கடினம், ஆனால் நன்றாக பாலிஷ் போட்டால் எதிர்ப்பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. சொரசொரப்பாக விட்டால்தான் அரம் மாதிரி ராவும். கடி சரிசெய்ய டாக்டர் மேலே கொஞ்சம் உரசினால், அந்த இடத்துக்கு மறுபடி பாலிஷ் போட்டாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

மேல் பல்செட் ஏன் எப்போதும் நடுவிலேயே உடைகிறது?

எனக்கு மிகவும் பாடம் சொல்லிக்கொடுத்த கேள்வி இது.

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் உடைந்த மேல் செட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தார். நாங்கள் செய்த செட்டுதான். "தம்பி, போன தடவையும் இதே இடந்தான்" என்றார். முன்னம்பல் இரண்டுக்கும் நடுவே தொடங்கி, அண்ணத்தின் நடுக்கோட்டில் நேராகப் பின்னால் ஓடிய உடைவு. ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று பையன் பிசின் பாட்டிலை எடுத்துவிட்டான். நான் பத்து மடங்கு லென்சை எடுத்து உடைந்த முகத்தைப் பார்த்தேன்.

முன்பக்கம், உதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு மடிப்புக்கு இடம் விட்டு வெட்டிய பள்ளத்தின் நுனியில் ஒரு இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. உடைவு பிறந்த இடம் அது. அங்கிருந்து விசிறி விரித்த மாதிரிக் கோடுகள். கனமான இடத்தில், மேற்பரப்பில் எதுவும் தெரியாமல், உள்ளே மட்டும் ஊசிமுனைக் குமிழிகள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் அந்தக் குமிழி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

அக்ரிலிக் பவுடரையும் லிக்விடையும் குழைத்து ஃபிளாஸ்க் என்ற அச்சுப் பெட்டியில் அடைத்துத் தண்ணீரில் வேகவைக்கிறோம். அந்த லிக்விட் ஏறத்தாழ 101 டிகிரியில் கொதிக்கும். இறுகும்போது அதுவே சூட்டை வெளியிடும். நேரே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கனமான நடுப்பகுதியில் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, இறுகாத லிக்விட் ஆவியாகிக் குமிழி விடும். அதனால்தான் 74 டிகிரியில் இரண்டு மணி நேரம் போல வைத்து, பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது. நேரம் இருந்தால் 74 டிகிரியிலேயே ராத்திரி முழுக்க. அந்த வாரம் கல்யாண சீசன், வேலை குவிந்து கிடந்தது, நாங்கள் அவசரப்பட்டிருக்கிறோம்.

நான் ஒன்று செய்தேன். அதே பவுடர், அதே லிக்விட், 64 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 3.3 மி.மீ. கனத்தில் ஐந்து பட்டைகள் மெதுவாக வேகவைத்தும், ஐந்து அவசரமாகச் செய்தும், ஊறப்போட்டு, பழைய கல்லூரிக்கு எடுத்துப்போய், இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் யூடிஎம் மெஷினில் உடைத்தேன். தரநிலை கேட்பது 65 மெகாபாஸ்கல். இந்த அளவுப் பட்டையில் அது சுமார் ஒன்பதரை கிலோ எடை. மெதுவாக வெந்தவை ஒன்றுக்கொன்று நெருக்கமான எண்ணில் உடைந்தன. அவசரப் பட்டைகள் தாறுமாறு. ஒன்று நன்றாகத் தாங்கும், அடுத்தது பாதியிலேயே போகும். அந்தத் தாறுமாறுதான் என்னைப் பயமுறுத்தியது. எது ஆச்சிக்குப் போகும், எது அடுத்தவருக்குப் போகும் என்று சொல்ல முடியாதே.

ஆனால் குமிழி மட்டும் காரணம் இல்லை. பல் எடுத்த பிறகு ஈறு எலும்பு வருடா வருடம் கரையும். பக்கவாட்டில் தாங்கல் குறைந்து, அண்ணத்தின் நடு எலும்பு மேல் செட் தராசு மாதிரி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு கடிக்கும் இரண்டு பக்கமும் ஈறை நோக்கி மேலே போகும், நடு வளையும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போல. ஒரே தடவை வளைத்து உடைக்கும் சோதனை இந்தச் சோர்வைக் காட்டாது. லட்சக்கணக்கான தடவை லேசாக வளைத்துப் பார்க்கும் சோர்வுச் சோதனை தனியாக இருக்கிறது. வாங்கும் பெட்டியில் அந்த எண் பெரும்பாலும் இருக்காது. ஆச்சிக்குப் புதிதாக அளவெடுக்கச் சொல்லி, மெதுவாக வேகவைத்து, உதட்டு மடிப்புப் பள்ளத்தின் நுனியைக் கூர்மை இல்லாமல் உருட்டிக் கொடுத்தோம்.

கிளினிக்கிலேயே செய்யக்கூடிய சோதனை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பத்து நிமிட வேலை. ஒளியில் இறுகும் ஃபில்லிங் எவ்வளவு ஆழம் இறுகுகிறது என்று பார்ப்பது. 4 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள துளை போட்ட எஃகுத் தகடு ஒன்று வேண்டும்; நம் ஊர் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். பசையை நிரப்பி, மேலும் கீழும் தாள் வைத்து, வழக்கமாக நோயாளிக்கு எத்தனை நொடி காட்டுவீர்களோ அத்தனை நொடி காட்டுங்கள். உடனே வெளியே தள்ளி, அடிப்பக்கம் இறுகாமல் இருக்கும் பசையை பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். மிச்சம் இருக்கும் கெட்டித் துண்டின் நீளத்தை அளந்து இரண்டால் வகுங்கள். அதுதான் நம்பக்கூடிய ஆழம்.

ஏன் வகுக்க வேண்டும் என்றால், கரண்டிக்குக் கெட்டியாகத் தெரிவதெல்லாம் முழுக்க இறுகியது இல்லை. கீழே போகப் போக அரைவேக்காடு. சாதாரண நிறங்களுக்குக் குறைந்தது 1.5 மி.மீ. வர வேண்டும் என்கிறது தரநிலை.

விளக்கு நீல ஒளி தந்துகொண்டே இருக்கும், ஆனால் பலம் குறைந்துகொண்டே வரும். நுனியில் பழைய பசை ஒட்டியிருக்கும், கண்ணாடி சில்லு விட்டிருக்கும், பேட்டரி ஓய்ந்திருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மாதம் ஒரு தடவை இந்தத் துண்டைச் செய்து, தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறேன். துண்டுகள் குட்டையாகிக்கொண்டே வந்தால் டப்பாவே சொல்லிவிடும். எனக்குத் தெரிந்து, இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு உண்மையைச் சொல்லும் சோதனை வேறு இல்லை.

செராமிக் கேப்பில் சில்லு பெயர்ந்து உள்ளே இரும்பு தெரிகிறது. ஏன்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் எனாமல் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும். ஆச்சிமார்களுக்குச் சீராக வந்தவை, பல கடல் தாண்டி வந்தவை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்த பாத்திரம் அது. உலோகக் கேப்பின் மேல் போர்சிலீன் சுடுவதும் அதே வேலை. விளிம்பில் அடிபட்ட எனாமல் கிண்ணத்தைப் பாருங்கள். கறுப்பாகத் தெரியும் அந்த வட்டம்தான் உங்கள் கேப்பிலும் நடந்தது.

சூளையில் சுட்டு ஆறும்போது உலோகமும் சுருங்கும், போர்சிலீனும் சுருங்கும். உலோகம் ஒரு மயிரிழை கூடுதலாகச் சுருங்க வேண்டும். அப்போதுதான் அது போர்சிலீனை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். கண்ணாடி ஜாதிக்கு இறுக்கம் நல்லது, இழுப்பு கெடுதல். இரண்டின் விரிவு எண்களும் ஒத்துப்போக வேண்டும் என்பதால்தான் விரிவை அளக்கும் சோதனை இருக்கிறது. ஒரு கம்பெனி உலோகத்தின் மேல் இன்னொரு கம்பெனிப் போர்சிலீனை, எண்ணைப் பார்க்காமல் சுட்டால் சில்லு பெயரும். உலோகத்தில் கைரேகை எண்ணெய் இருந்தாலும், அடிப்பக்கம் தாங்கல் இல்லாமல் போர்சிலீனைக் கனமாக ஏற்றினாலும் இதுவே நடக்கும். ஆக, சில்லு பெயர்ந்தால் "கறியெலும்பைக் கடித்தீர்களா?" என்று மட்டும் கேட்பது சரியில்லை, லேபையும் கேட்க வேண்டும்.

முழு ஜிர்கோனியா கேப்பில் மேல்பூச்சு இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. செராமிக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6872, நான்கு பல்லும் அதற்கு மேலும் நீளும் பிரிட்ஜுக்கு 800 மெகாபாஸ்கல் கேட்கிறது. எல்லா ஜிர்கோனியாவும் அதைத் தொடாது. முன்பல் அழகுக்காக வரும் ஒளி ஊடுருவும் வகைகள் வலிமை குறைந்தவை.

மெட்டல் கேப் வாயில் துருப்பிடிக்குமா? நிக்கல் அலர்ஜி என்கிறார்களே?

உலோக அரிப்பு என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி நம் வாசலிலேயே இருக்கிறது; அரிப்பு அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சித் துறை. வாயும் ஒரு மின்வேதிக் கலம் மாதிரிதான். எச்சிலில் உப்பு உண்டு, சாப்பிட்டால் அமிலம் வரும், இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் மின்னோட்டமும் வரும்.

சோதனை எளிது. உலோகத் துண்டை லாக்டிக் அமிலமும் உப்பும் கலந்த நீரில், 37 டிகிரியில் ஏழு நாள் வைத்து, எவ்வளவு உலோகம் கரைந்து வந்தது என்று அளப்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. காட்மியம், பெரிலியம், ஈயம் ஒவ்வொன்றும் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் வெளிப்படையாக எழுத வேண்டும். கவரிங் நகை போட்டால் காதிலோ கழுத்திலோ அரிப்பு வருகிறவர் என்றால், கேப் போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் எல்லாம் சீக்கிரம் இறுகிவிடுகிறது. பொருள் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெடவில்லை. அட்டையில் போட்டிருக்கும் கலக்கும் நேரம் 23 டிகிரி அறையில் எடுத்தது. நம் ஊரில் மே மாதம் மின்சாரம் போன மத்தியானத்தில் அறை எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இறுகும் நேரத்தைப் பார்க்க, குறிப்பிட்ட எடையுள்ள ஊசியை மேலே இறக்கித் தடம் விழாத நேரத்தைக் குறிப்பார்கள். ஊசி இல்லாவிட்டால் பரவாயில்லை, கடிகாரமும் நகமும் போதும். ஆனால் நோயாளி நாற்காலியில் உட்காரும் முன் ஒரு தடவை கலந்து பாருங்கள்.

ஆல்ஜினேட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நேரம் கிடைக்கும். சிமெண்ட் கலக்கும் கண்ணாடிப் பலகையைக் குளிர வைக்கலாம், ஆனால் பனித்துளி படியவிடக் கூடாது; அந்தத் துளி நீர் கலவையின் விகிதத்தைக் கெடுத்துவிடும். நேரம் வேண்டும் என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீராகக் கலப்பது மட்டும் வேண்டாம். வலிமை போகும், கரைவது கூடும். பிளாஸ்டருக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, கொஞ்சம் உப்பு இருந்தாலே இறுகுவதை வேகப்படுத்தும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் உள்ளவர்கள் வடித்த நீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெற்றிலை போட்டால் பல்செட் கறை பிடிக்குமா?

பிடிக்கும். காபியும் மஞ்சளும் பிடிக்கும். நிறமானியில் முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தை எண்ணாகச் சொல்லும் சோதனை உண்டு. பாலிஷ் நன்றாக இருந்தால் கறை மெதுவாக ஏறும். பற்பொடி போட்டுத் தேய்த்தால் பாலிஷ் போய்விடும். சோப்பும் மென்மையான பிரஷும் போதும்.

இந்தத் தரநிலைகளை யார் எழுதியது? இந்தியாவில் கட்டாயமா?

1919-இல் அமெரிக்க இராணுவம் பல் அடைக்கும் வெள்ளி அமால்கத்தை வாங்க, எது நல்லது என்று சொல்லும்படி அந்நாட்டுத் தேசியத் தர நிறுவனத்தைக் கேட்டது. அங்கே வில்மர் சௌடர் என்ற இயற்பியலாளர் செய்த வேலையிலிருந்துதான் இதெல்லாம் கிளைத்தது. இன்று ஐ.எஸ்.ஓ.வின் 106-ஆம் தொழில்நுட்பக் குழு பல் மருத்துவத்துக்கானவற்றை எழுதுகிறது. இங்கே இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் தனித் தரநிலைகள் இருக்கின்றன. மருத்துவச் சாதனங்கள் விதிகள், 2017 வந்த பிறகு பல் பொருள்களும் உரிம ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன. உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இல்லாத டப்பாவை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நாங்கள் வாங்குவதில்லை.

முதுநிலை மாணவன். ஒரு குழுவுக்கு ஐந்து மாதிரி போதுமா?

தரநிலையில் தேறுகிறதா என்று பார்க்க ஐந்து போதலாம். இரண்டு பொருள்களை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதப் போதாது, செராமிக்குக்கு நிச்சயமாகப் போதாது. உடையும் ஜாதிப் பொருளில் ஒவ்வொரு துண்டிலும் எங்கே பெரிய விரிசல் ஒளிந்திருக்கிறது என்பது அதிர்ஷ்டம். சராசரி நன்றாக இருந்து பரவல் பெரிதாக இருந்தால், வாயில் முதலில் உடைவது அந்தக் கீழ்க்கோடித் துண்டுதான். ஸ்வீடன் நாட்டு வைபுல் 1951-இல் விளக்கிய கணக்குமுறை இதற்கென்றே பயன்படுகிறது. அதற்கு முப்பது துண்டாவது செய்யுங்கள். பட்டையின் விளிம்புகளைத் தேய்த்து உருட்டுங்கள். உடைந்ததைக் குப்பையில் போடாமல் எண் போட்டு வையுங்கள். எந்தத் துண்டையும் 'சரியில்லை' என்று ஒதுக்கும் முன், ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். எண் பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

உடைந்த பல்செட்டை வீட்டிலேயே பசை போட்டு ஒட்டலாமா?

வேண்டாம். கடையில் விற்கும் உடனடிப் பசை வாய்க்கானது இல்லை. ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் கடி மாறும். அதைவிட எனக்கு வருத்தம், பசை உடைந்த முகத்தை மூடிவிடும். எங்கே தொடங்கியது, உள்ளே குமிழி இருந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள், உரசினால் விளிம்பு போய்விடும். தனித்தனியாக ஈரப் பஞ்சில் சுற்றி, ஆச்சி கொண்டுவந்த மாதிரி ஒரு டப்பாவில் வைத்து, பெயர்ந்த சில்லு இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.